கார்த்திகை மாதத்து மலைகளில் கரடி தேடுவது எப்படி: டெல்லித் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

டெல்லியைப் புகை மூடத் தொடங்கும் ஐப்பசி இறுதியில் மலைக்குப் புறப்படும் தமிழர்கள் பலர் உண்டு. ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பனிச்சிகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களில் காட்டுவிலங்குகள் மீது நாட்டம் உள்ள சிலருக்காக எழுதப்படுவது இது. இமயமலைக் கருங்கரடி குளிர்கால உறக்கத்துக்கு முன் ஓயாமல் தின்று திரியும் அந்தக் குறுகிய பருவத்தில், அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வருவது எப்படி என்பதே பொருள்.

துப்பாக்கிக்கு இதில் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடி வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டை என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையைப் பலரும் கவனிப்பதில்லை. சுடுவதும் கொல்வதும் போலவே கண்ணி வைப்பதும், விரட்டுவதும், இரை வைத்து வரவழைப்பதும், அவற்றுக்கான முயற்சியும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன. ஆகவே படம் எடுக்க ஆசைப்பட்டு வெல்லமோ தேனோ வைத்துக் கரடியை அழைப்பவர் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரரே. கொஞ்சம் பணம் கொடுத்தால் கரடியை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் பேரம் பேசாமல் விலகிவிடுங்கள். எனினும் பழைய வேட்டைக்காரர்களின் அறிவில் பெரும்பகுதி, அதாவது காற்றைப் படிப்பது, தடத்தைப் படிப்பது, எதிர்ச்சரிவில் மணிக்கணக்காகக் கண் வைத்திருப்பது ஆகியவை, இன்றும் நமக்கு அப்படியே பயன்படுகின்றன. அவர்களுடைய கடைசி நொடி மட்டும்தான் நமக்கு வேண்டாதது.

எந்தக் கரடி, எந்த மாதம், எந்தக் காடு

முதுமலையிலும் கோத்தகிரியிலும் நாம் பார்த்த கரடி வேறு. அது கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சித் தின்னும் தேன்கரடி. அதற்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. இமயமலைக் கருங்கரடி அடர்ந்த கரிய ரோமமும், மார்பில் பிறை போன்ற வெள்ளைக் குறியும், வட்டமான பெரிய காதுகளும் உடையது. நன்கு வளர்ந்த ஆண் 100 கிலோவைத் தாண்டும். 200 கிலோவை நெருங்குவதும் உண்டு. மரம் ஏறுவதில் தேர்ந்தது. மரங்களின் எல்லைக்கு மேலே புல்வெளிகளில் வாழும் பழுப்புக் கரடி மிகவும் அரியது. நவம்பரில் அது பெரும்பாலும் வளைக்குள் போய்விடும். அதைத் தேட ஜன்ஸ்கர், திராஸ் பக்கம் கோடையில் போவதே பொருத்தம் என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

கோடையில் மூவாயிரம் மீட்டருக்கு மேலே திரியும் கருங்கரடி, குளிர் ஏற ஏற உணவைத் தொடர்ந்து கீழே இறங்குகிறது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய அது கொழுப்புச் சேர்க்கும் காலம். மற்ற மாதங்களில் அந்தியிலும் இரவிலும் மட்டும் தலைகாட்டும் விலங்கு, இப்போது பகல் வெளிச்சத்திலும் ஒரே மரத்தடியில் மணிக்கணக்காக நின்று தின்னும். நமக்கு வாய்ப்புத் தருவது இந்தப் பசிதான். கருவுற்ற பெண் கரடிகள் வளைக்குள் சென்று குளிர்காலத்திலேயே, வழக்கமாக இரண்டு குட்டிகளை ஈனும். ஆனால் தாழ்வான பள்ளத்தாக்குகளில் உணவு கிடைக்கும் வரை சில கரடிகள் உறங்காமலே நடமாடும். டிசம்பர் பிறந்துவிட்டது, இனிக் கரடி இல்லை என்று நம்பிக் காட்டுக்குள் நடப்பது ஆபத்து.

காட்டைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: இந்த வாரம் அங்கே என்ன பழுத்திருக்கிறது? உத்தராகண்டில் அந்தக் கேள்விக்கு முதல் விடை ஓக் மரம். ஊர்க்காரர்கள் பாஞ்ச் என்று அழைக்கும் ஓக், சுமார் 1,500 முதல் 2,300 மீட்டர் வரை காடாகவே நிற்கிறது. அதன் கொட்டைகள் குளிர் தொடங்கும்போதுதான் முற்றுகின்றன. அதற்கு மேலே மோரு, அதற்கும் மேலே கர்சு என்று வேறு ஓக் வகைகள் வருகின்றன. அவற்றின் காய்கள் மழைக்காலத்தை ஒட்டி முன்னதாகவே உதிர்ந்துவிடும். ஆகவே நவம்பரில் உயரமான கர்சுக் காட்டில் ஏறி அலைவதைவிட, பாஞ்ச் மரங்களும் கிராமத்து அக்ரூட் மரங்களும் சந்திக்கும் நடு உயரத்தில் தேடுவதே பலன் தரும். ஓக் எல்லா ஆண்டும் ஒரே அளவு காய்ப்பதில்லை. காய்ப்புக் குறைந்த ஆண்டில் கரடி வயலோரத்துக்கும் தோட்டத்துக்கும் இறங்கும். அந்த ஆண்டில் பார்ப்பது எளிது, ஆபத்தும் அதே அளவுக்கு அதிகம்.

டெல்லியிலிருந்து போகத்தக்க இடங்களில் என் தேர்வு சமோலி மாவட்டத்தின் மண்டல் பள்ளத்தாக்கு. கஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து ரிஷிகேஷ், அங்கிருந்து தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை வழியாகக் கோபேஷ்வர், பிறகு ஊகீமட் சாலையில் 13 கிலோமீட்டர் போனால் மண்டல். மொத்தம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அங்கிருந்து அனுசூயா தேவி கோயிலுக்கு ஏறும் பாதையும், சோப்தாவுக்குப் போகும் சாலையும் அடர்ந்த ஓக் காட்டின் வழியாகவே செல்கின்றன. ரிஷிகேஷைத் தாண்டிய மலைச்சாலையில் இரவில் பேருந்து ஓடாது; டெல்லியில் இரவு ஏறி விடியும்முன் ரிஷிகேஷில் இறங்குவதுபோல் திட்டமிட்டால்தான் அன்றே கோபேஷ்வர் சேரலாம். நடக்க முடியாத பெரியவர்களும் உடன் வருவார்கள் என்றால் அல்மோரா அருகே பின்சர் சரணாலயம் நல்லது: பழைய டெல்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் காத்கோதாம், பிறகு டாக்சி. குலு மாவட்டத்தில் 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பெரிய இமாலய தேசியப் பூங்காவின் தீர்த்தன் பள்ளத்தாக்கும் உண்டு; ஆனால் அங்கே உள்ளே போவது பல நாள் மலையேற்றம்.

ஆளும் அனுமதியும்

சரணாலய எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மண்டல் பக்கத்துக்குரிய கேதார்நாத் வனவிலங்குக் கோட்ட அலுவலகம் கோபேஷ்வரிலேயே இருக்கிறது. வேலை நாளில் அடையாள அட்டை நகலுடன் நேரில் போவதே சுருக்கமான வழி. தீபாவளி வாரத்தில் போனால் அலுவலகம் திறந்திருக்காது என்பதை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. அதிகம் பேசுகிறவரைவிட, ஆடு மேய்த்தோ புல் அறுத்தோ அந்தச் சரிவில் நாள்தோறும் நடக்கிறவரைத் தேடுங்கள். குமாவூனில் என்றால் தாஜ்யூ என்றும், கட்வாலில் பைஜி என்றும் மரியாதையாக அழைத்துப் பேசினால், டெல்லிப் பழக்கத்தில் பையா என்று கூப்பிடுவதைவிட முகம் மலரும். கேட்க வேண்டியது, கரடி எங்கே என்பதல்ல. கடைசியாக எந்த அக்ரூட் மரத்தில் கிளை முறிந்தது, எந்தப் பக்கம் புல் அறுக்கப் பெண்கள் போகாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு கும்பலாக, உரக்கப் பேசியபடி போகும் அந்தப் பெண்களுக்குத்தான் கரடியின் நடமாட்டம் துல்லியமாகத் தெரியும். ஆனால் அவர்களில் கரடியால் முகம் கிழிந்தவர்களும் உண்டு. நாம் ஆர்வத்தோடு தேடி வந்திருக்கும் விலங்கு அவர்கள் வாசலில் வந்து நிற்கும் தொல்லை என்ற உணர்வு நம் பேச்சில் இருக்க வேண்டும்.

காற்று

இந்த வேலையில் பாதி காற்றுதான். கரடியின் கண் சுமார், காது நன்று, மூக்குக்கு இணையில்லை. மலையில் காற்று தன்னிச்சையாக வீசுவதுபோலத் தோன்றினாலும், வானம் தெளிந்த கார்த்திகை நாட்களில் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரவில் குளிர்ந்து கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். சூரியன் சரிவைத் தொட்டுச் சற்று நேரம் ஆகும்வரை அந்த இறக்கம் தொடரும். பிறகு மண் சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். பிற்பகலில் சரிவு நிழலுக்குள் போனதும் மறுபடி இறங்கும். ஆகவே விடியற்காலையில் கரடி இருக்கக்கூடிய இடத்துக்குக் கீழே நாம் இருக்க வேண்டும். வெயில் ஏறியபின் மேலே இருக்க வேண்டும். திசை மாறும் அந்த இடைநேரத்தில் காற்று சுழன்று எல்லாப் பக்கமும் வாசனையைக் கொண்டுபோகும் என்பதால், அப்போது இடம் மாறாமல் இருந்த இடத்திலேயே அசையாமல் இருப்பது நல்லது.

காற்றைச் சோதிக்க நம்மிடம் அருமையான பொருள் ஒன்று இருக்கிறது. சிறு டப்பியில் திருநீறு வைத்துக்கொண்டு, விரல்நுனியில் எடுத்துத் தோள் உயரத்தில் உதறுங்கள். கன்னத்தில் படாத காற்றைக்கூட அந்த வெண்துகள் காட்டிவிடும். பல அடி தூரம் ஒரு பக்கம் போய், பிறகு திடீரென்று கீழ்நோக்கி மடங்குவதையும் பார்க்கலாம். ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் அப்படித்தான் நடக்கும். வாசனைத் திருநீறு வேண்டாம், முகப்பவுடரும் வேண்டாம். அதே காரணத்துக்காகத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், நறுமணச் சோப்பு எல்லாவற்றையும் அந்தச் சில நாட்கள் தள்ளி வைக்கலாம்.

தடயம்

முதலில் மரத்தின் உச்சியைப் பாருங்கள். கருங்கரடி ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்து, எட்டிய கிளைகளை எல்லாம் தன் பக்கம் இழுத்து முறித்துக் காயைத் தின்றுவிட்டு, கிளையைத் தனக்கு அடியிலேயே திணித்துக்கொள்ளும். கடைசியில் அது பெரிய கழுகுக் கூட்டைப்போல மரத்தின் மேலே தங்கிவிடும். பாஞ்ச் என்றும் பச்சையாக இருக்கும் மரம். எனவே பச்சை முடிக்கு நடுவே பழுப்பு இலைகளோடு ஒரு பொதி தெரிந்தால் அது கரடி உட்கார்ந்த இடம். இலை இன்னும் வெளிறிய பச்சையாக வாடிக்கொண்டிருந்தால் ஓரிரு நாள் பழையது. அப்படி வாடிய பொதிகள் இரண்டு மூன்று மரங்களில் அடுத்தடுத்து இருந்தால், எதிர்ச்சரிவில் இடம் பிடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்தது அடிமரம். ஏறும்போது பதிந்த நகக்குறிகள் புதிதாக இருந்தால் உள்பட்டை ஈரமாகவும் வெளிறியும் இருக்கும். பழையவை கறுத்து, மரம் வளர வளர அகலமாகிவிடும். தரையில், ஈர மண்ணில், பின்காலின் தடம் வெறுங்காலோடு நடந்த மனிதனின் தடத்தை ஒத்திருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால், நமக்குக் கட்டைவிரல் இருக்கும் உள்பக்கத்தில் அதற்குச் சிறிய விரலும் வெளிப்பக்கத்தில் பெரிய விரலும் இருக்கும், விரல்களுக்கு முன்னால் நகப் புள்ளிகளும் தெரியும்.

எச்சம் இன்னும் நேர்மையான சாட்சி. இந்தப் பருவத்தில் அது பெரிய குவியலாக, ஓக் கொட்டையின் ஓடும் உமியும் நிறைந்து கிடக்கும். காலையில் நடக்கும்போது அதன்மேல் உறைபனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ள புல்லைப்போலவே அதன்மேலும் வெண்மை பூத்திருந்தால், நடு இரவுக்கு முன்னரே கரடி போய்விட்டது. புல் வெளுத்திருக்க, எச்சம் மட்டும் கறுத்துப் பளபளத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பனி உருகி ஈரமாக இருந்தால், அது விடியலில் இட்டது. கரடி அந்தச் சரிவிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருக்காமல், பேசிக்கொண்டே வந்த வழியில் திரும்ப வேண்டும். பாறைக் குகை, பெரிய மரப்பொந்து ஆகியவற்றுக்குள் எட்டிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே தாய் இருந்தால் நமக்கு ஆபத்து. கலைந்து ஓடினால் அதற்கும் குட்டிக்கும் கேடு.

உட்கார்ந்து பார்ப்பது

கரடியை நோக்கி நடந்து போவது தேடலே ஆகாது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கத்தைப் பார்ப்பதுதான் முறை. 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளி, நடுவில் ஓடை அல்லது செங்குத்துப் பள்ளம், முதுகுக்குப் பின்னால் பாறை, சூரியனும் பின்னால்: இப்படி ஓர் இடம் கிடைத்தால் அரை நாள் அங்கேயே கழிக்கலாம். மலையின் வடக்குப் பார்த்த சரிவுகளில் காடு அடர்ந்திருக்கும், தெற்குப் பார்த்தவை வெயில் பட்டுப் புல்லாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் கண்ணை வையுங்கள்.

எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வாய் உள்ள பைனாகுலர் போதும். விலை உயர்ந்த லென்சுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை நல்ல டிரைபாடுக்குச் செலவிடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கிறவர் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார், டிரைபாடில் பொருத்திப் பார்க்கிறவர் ஒரு மணி நேரம் பார்ப்பார். சரிவை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு மெதுவாகத் துழாவுங்கள். கரடியின் முழு உருவத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காற்று இல்லாதபோது ஒரே ஒரு கிளை ஆடுவதையும், நிழலைவிடக் கறுத்த ஒரு துண்டையும் தேட வேண்டும். எரிந்த அடிமரம், மேயும் எருமை, கிராமத்துக் கறுப்பு நாய் ஆகிய மூன்றும் எல்லோரையும் ஏமாற்றும். ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால் அது அடிமரம்தான். காதும் உதவும்: அமைதியான காலையில் கிளை முறியும் ஓசை பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும்.

நல்ல நேரம் வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரமும், மாலையில் கடைசி அரை மணியும். இந்தக் கடைசி அரை மணியில்தான் சிக்கல். நவம்பரில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கு அதற்கு முன்பே இருண்டுவிடும். நாம் கிளம்பும் அதே நேரத்தில் கரடியும் பாதைக்கு இறங்கும். ஆகவே மாலைக்கான இடம் ஊரிலிருந்தோ சாலையிலிருந்தோ கால் மணி நடைக்குள், திறந்த பாதையின் ஓரத்தில் இருக்க வேண்டும். காட்டுக்குள் ஒரு மணி நடை தள்ளி இருக்கும் அருமையான பாறையைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மௌனம் உட்கார்ந்த பிறகுதான். நடக்கும்போது, முக்கியமாக ரிங்கால் மூங்கில் புதர்களுக்குள்ளும் இரைச்சலிடும் ஓடைகளின் ஓரத்திலும், பேசிக்கொண்டும் கோலால் தட்டிக்கொண்டும் போக வேண்டும். ஓடையின் இரைச்சலில் நாம் வருவது கரடிக்குக் கேட்காது, கரடி இருப்பது நமக்கும் கேட்காது. விபத்துகள் நிகழ்வது இத்தகைய இடங்களில்தான். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு நம்மிடமே ஓடி வரும், கரடி அதன் பின்னால் வரும்.

நேருக்கு நேர் வந்துவிட்டால்

மலைக்கிராமங்களில், கரடி துரத்தினால் கீழ்நோக்கி ஓடு, ரோமம் கண்ணை மறைத்துவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். சரிவில் எந்தத் திசையிலும் அது நம்மைவிட வேகமாக ஓடும், மரமும் ஏறும். தூரத்தில் நம்மைக் கண்டுவிட்டால், ஓடாமல், தாழ்ந்த குரலில் பேசியபடி, முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே பின்வாங்க வேண்டும். பின்னங்காலில் எழுந்து நிற்பது பெரும்பாலும் மோப்பம் பிடிக்கவும் பார்க்கவும்தான். அதையே தாக்குதல் என்று எண்ணி ஓடத் தொடங்கக் கூடாது. குட்டி தெரிந்தால் தாய் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை முன்னால் அடி வைக்கக் கூடாது.

பாய்ந்தே விட்டால், சிறு வயதுப் பாடத்தில் படித்த இரு நண்பர்கள் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பதுபோல மல்லாந்து படுக்கக் கூடாது. இமயமலைக் கருங்கரடி முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புற விழுந்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தை அணைத்து, அசையாமல் கிடக்க வேண்டும். திடுக்கிட்டுத் தாக்கிய கரடி பெரும்பாலும் சிறிது நேரத்தில் விலகிவிடும். அது நெடுந்தூரம் போகும்வரை எழக் கூடாது. விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் மட்டும், கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடிக்க வேண்டும். டெல்லிக் கடைகளில் கிடைக்கும் கைப்பை மிளகுத் தெளிப்பானை நம்பி நிற்க வேண்டாம். அது சில அடி தூரத்துக்கு மனிதருக்காகச் செய்தது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு நன்கு கழுவி, 108ஐ அழைத்து, அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையலோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் பெறுங்கள். முகக்காயம் ஆழமானால் ரிஷிகேஷ் எய்ம்ஸ்வரை போக நேரலாம் என்பதால், வண்டிக்கும் செலவுக்கும் முன்பே யோசித்து வையுங்கள்.

கட்டுச்சோறு

தீபாவளி முடிந்த கையோடு புறப்படுகிறவர்களின் பையில் நெய் மணக்கும் அதிரசமும் முறுக்கும் இல்லாமல் இருக்காது. ஊரில் அறை எடுத்துத் தங்கினால் கவலை இல்லை. கூடாரம் என்றால் உணவு எதையும் உள்ளே வைத்துத் தூங்கக் கூடாது. நல்லெண்ணெய், இட்லிப் பொடி, பற்பசைகூட அதில் அடங்கும். எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, படுக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, முடிந்தால் வாகனத்துக்குள் வையுங்கள். சமையலும் அங்கேயே நடக்கட்டும். மீந்த சாதத்தைக் காட்டில் கொட்டிவிட்டு வருவது, அடுத்து அந்தப் பக்கம் புல் அறுக்க வரும் பெண்ணுக்கு நாம் செய்யும் தீங்கு.

படம் கிடைத்துவிட்டால், வெளியிடும் முன் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு, பள்ளத்தாக்கின் பெயரையும் எழுதாமல் விடுங்கள். கரடியின் பித்தப்பைக்குக் கள்ளச்சந்தை இன்னும் இருக்கிறது. எந்த மரத்தில் எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதை அன்று மாலையே வனக் காப்பாளரிடமும், அந்தச் சரிவுக்குப் புல் அறுக்கப் போகும் வீட்டாரிடமும் சொன்னால் போதும்.